அண்ணனுக்கு கிரேடு 1, எனக்கு கிரேடு 2. ஆனால் கல்லீரலில் தழும்பு அண்ணனுக்கு. ஏன், டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயது, எடை 74 கிலோ. சர்க்கரை நோய் இல்லை, மதுப் பழக்கமும் இல்லை. உடல் பரிசோதனையில் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2 என்று வந்திருக்கிறது. கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிபிடி 71, எஸ்ஜிஓடி 48, பிளேட்லெட் 2.6 லட்சம். எடையைக் குறையுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் அண்ணனுக்கு 58 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. அவரும் குடிக்காதவர். அவருடைய ஸ்கேனில் கிரேடு 1 தான். எஸ்ஜிபிடி 38, நார்மல் என்று நிம்மதியாக இருந்தோம். எஸ்ஜிஓடி 55, பிளேட்லெட் 1.6 லட்சம். இப்போது ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிட்டு, தழும்பு முற்றிய நிலைக்கு வந்துவிட்டது என்கிறார்கள். கொழுப்பு அதிகம் இருக்கும் எனக்கு ஒன்றுமில்லை, குறைவாக இருக்கும் அவருக்கு இப்படியா? தெரிந்தவர் ஒருவர் இதற்கெல்லாம் ‘செல் ஸ்ட்ரெஸ்’தான் காரணம் என்று சொல்லி, அதைக் குறைக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூலை எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்கேன் ரிப்போர்ட்டில் கிரேடு 1, 2, 3 என்று பார்த்ததும் நோயே முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று முன்னேறுவதாகத்தான் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் சொல்வது ஒன்றைத்தான்: ஸ்கேன் திரையில் கல்லீரல் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்பதை. கொழுப்பு எவ்வளவு என்று அதை வைத்து உத்தேசமாகச் சொல்லலாம். அந்தக் கொழுப்பைச் சுமக்கும் செல் சமாளிக்கிறதா, தவிக்கிறதா என்று சொல்ல முடியாது. உங்களுக்கும் அண்ணனுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

உங்களிடம் பேசியவர் காரணத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் கொடுத்த மருந்தோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை. இது மனக்கவலையையோ வேலைப் பளுவையோ பற்றிய பேச்சு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லீரல் செல்லின் உள்ளே, அதன் தாங்கும் சக்திக்கு மேல் வேலை வந்து விழும்போது ஏற்படும் நெருக்கடியைத்தான் செல் அழுத்தம் என்கிறோம்.

முதலில், இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? சாப்பிட்ட எண்ணெய் நேராகப் போய்க் கல்லீரலில் படிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கொழுப்புக்கு அடையாளமிட்டு, அது எந்த வழியாகக் கல்லீரலுக்கு வருகிறது என்று நோயாளிகளிடமே பார்த்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. ஏறக்குறைய 60 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தம் வழியாக வந்தது. கால் பங்கு, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வைத்துக் கல்லீரலே புதிதாகத் தயாரித்தது. சாப்பாட்டிலிருந்த கொழுப்பு நேரடியாகச் சேர்ந்தது 15 சதவீதம்தான். கொழுப்புத் திசுவைப் ‘பிடித்து வைத்துக்கொள், வெளியே விடாதே’ என்று கட்டுப்படுத்துவது இன்சுலின். அதன் பேச்சு எடுபடாமல் போகும்போது, இரவும் பகலும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலை நோக்கி வந்துகொண்டே இருக்கும்.

வந்து சேரும் கொழுப்பு அமிலங்களைக் கல்லீரல் செல் மூன்று மூன்றாகக் கட்டி, ட்ரைகிளிசரைடாக மாற்றி, சிறு துளிகளாக ஒதுக்கி வைக்கிறது. ஸ்கேனில் வெளுப்பாகத் தெரிவது இந்தத் துளிகள்தான். இவைதான் நோயின் மூலம் என்று நாங்களும் வெகுகாலம் நினைத்திருந்தோம். 2007-ல் வெளியான ஒரு சோதனை அந்த எண்ணத்தை அசைத்தது. எலிகளின் கல்லீரலில் ட்ரைகிளிசரைடு தயாரிக்கும் என்சைம் ஒன்றை அடக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே கொழுப்புத் துளிகள் குறைந்தன. ஆனால் கல்லீரல் சேதம் கூடியது, தழும்பும் கூடியது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் எண்ணெயால் யாரும் வழுக்கி விழுவதில்லை, தரையில் சிந்தினால்தான் விழுவார்கள். துளிக்குள் அடைபட்ட கொழுப்பு ஓரளவு பாதுகாப்பானது. துளிக்குள் போக முடியாமல் செல்லுக்குள் அலையும் கொழுப்பு அமிலம்தான் கெடுதல் செய்கிறது.

அதிலும் எல்லாக் கொழுப்பு அமிலங்களும் ஒரே மாதிரி இல்லை. ஒலிக் அமிலம் போன்ற நிறைவுறாத வகைகள் சுலபமாகத் துளிக்குள் போய்விடும். பால்மிட்டிக் அமிலம் போன்ற நிறைவுற்ற வகைகள் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. இனிப்பிலிருந்து கல்லீரல் தானே தயாரிப்பதும் பெரும்பாலும் இந்தப் பால்மிட்டிக் வகைதான். சர்க்கரையைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செல்லின் உள்ளே போவோம். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன். அண்ணனுக்கு என்ன நடந்திருக்கும் என்பது இங்கேதான் புரியும்.

கல்லீரல் செல்லின் பெரிய வேலைகளில் ஒன்று புரதம் தயாரிப்பது. ரத்தத்தில் இருக்கும் ஆல்புமினை மட்டுமே கல்லீரல் ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் வரை தயாரிக்கிறது. ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் தனிக் கணக்கு. இந்தப் புரதங்கள் உருவாகி, மடிந்து, தங்களுக்குரிய வடிவத்தைப் பெறும் இடம் எண்டோபிளாஸ்மிக் ரெடிகுலம் எனப்படும் சவ்வு வலை. சுருக்கமாக ஈஆர் என்று வைத்துக்கொள்வோம். புரதம் சரியாக மடிய அங்கே உதவிப் புரதங்கள் காத்திருக்கும். அவை வேலை செய்ய ஈஆருக்குள் கால்சியம் நிறைய இருக்க வேண்டும். கால்சியத்தை உள்ளே இறைக்கும் பம்புகள் ஈஆரின் சவ்வில் பதிந்திருக்கின்றன. சவ்வு நெகிழ்வாக இருந்தால்தான் பம்பு ஒழுங்காக ஓடும்.

நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் குவியும்போது அவை அந்தச் சவ்விலேயே போய்ச் சேர்ந்து அதை விறைப்பாக்கிவிடுகின்றன. சவ்வில் உள்ள கொழுப்புகளின் விகிதமே மாறிப்போகிறது. பம்பு தளர்கிறது, கால்சியம் குறைகிறது, உதவிப் புரதங்கள் தடுமாறுகின்றன. அரைகுறையாக மடிந்த புரதங்கள் ஈஆருக்குள் தேங்க ஆரம்பிக்கின்றன. இதைத்தான் ஈஆர் அழுத்தம் என்கிறார்கள்.

செல் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஈஆர் சவ்வில் மூன்று காவலர்கள் இருக்கிறார்கள். ஐஆர்இ1, பெர்க், ஏடிஎஃப்6 என்று அவர்களுக்குப் பெயர். மடியாத புரதம் சேர்ந்தால் மூவரும் விழித்துக்கொள்வார்கள். பெர்க், புதிய புரதத் தயாரிப்பை மெதுவாக்கும். மற்ற இருவரும் உதவிப் புரதங்களை அதிகம் தயாரிக்கச் சொல்லி செல்லின் உட்கருவுக்குத் தகவல் அனுப்புவார்கள். கெட்டுப்போன புரதங்களை அப்புறப்படுத்தும் வேலையும் முடுக்கிவிடப்படும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்து விளக்கிய பீட்டர் வால்டர், கசுடோஷி மோரி இருவருக்கும் 2014-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. ஈஸ்ட்டில் ஆரம்பித்த அந்த ஆராய்ச்சிதான் இன்று உங்கள் அண்ணனின் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள எனக்குக் கைகொடுக்கிறது. அடிப்படை ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் இது.

இந்த எச்சரிக்கை ஏற்பாடு செல்லைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. நல்ல சாப்பாடு ஒன்றுக்குப் பிறகு சில மணி நேரம் விழித்து, வேலையை முடித்துவிட்டு அடங்கிவிடுவதுதான் அதன் இயல்பு. கொழுப்பு வரத்து நிற்காத கல்லீரலில் அது அடங்க வழியில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விழித்தபடியே இருக்கும்போது அதே ஏற்பாடு வேறு முகம் காட்டுகிறது. ஐஆர்இ1, ஜேஎன்கே என்ற என்சைமைத் தூண்டுகிறது. ஜேஎன்கே போய், இன்சுலின் தகவலைச் செல்லுக்குள் கொண்டுபோகும் புரதத்தை முடக்குகிறது. உடல் பருமனான எலிகளின் கல்லீரலில் இந்தச் சங்கிலியை ஹார்வர்டில் கோக்கான் ஹோட்டாமிஸ்லிகிலின் குழு 2004-ல் காட்டியது. பெர்க் வழியாகவும் ஒரு ஆபத்து வருகிறது. அழுத்தம் நீடித்தால் சாப் என்ற புரதத்தை அது வரவழைக்கும். செல்லை அழித்துவிடலாம் என்ற முடிவை நோக்கித் தள்ளுவது அந்தப் புரதம்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கல்லீரல் தன்னிடம் சேர்ந்த கொழுப்பை ரத்தத்துக்கு ஏற்றி அனுப்ப அப்போ-பி100 என்ற புரதம் வேண்டும். 4,536 அமினோ அமிலங்கள் கோத்த மிகப் பெரிய புரதம் அது. அதுவும் அதே ஈஆரில்தான் மடிய வேண்டும். ஈஆர் தடுமாறினால் இந்தப் புரதம் பாதியிலேயே அழிக்கப்படும், கொழுப்பு வெளியேறும் வழி அடைபடும், உள்ளே இன்னும் கொழுப்பு சேரும். கொழுப்பு அழுத்தத்தைக் கூட்டுகிறது, அழுத்தம் கொழுப்பைக் கூட்டுகிறது. ஒருமுறை இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட செல்லால் தானாக வெளியே வர முடியாது. வெளியிலிருந்து வரத்தைக் குறைத்தால்தான் அதற்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

மைட்டோகாண்ட்ரியா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேப்சூல் குறிவைப்பது அதைத்தான். கொழுப்பு அமிலத்தை எரித்துச் சக்தியாக்கும் உறுப்பு அது. வரத்து கூடும்போது ஆரம்பத்தில் அதுவும் கூடுதலாக எரித்து ஈடுகொடுக்கும். எரியும்போது தப்பிக்கும் எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, அருகில் இருப்பதையெல்லாம் தாக்கும் மூலக்கூறுகளாகின்றன. செல்லின் சொந்தப் பாதுகாப்பான குளுட்டாதயோன் அவற்றை அடக்கும். நாளாக ஆக அந்தக் கையிருப்பு கரைந்து, மைட்டோகாண்ட்ரியாவே பழுதாகும். வீக்கம் (அழற்சி) இல்லாத கொழுப்புக் கல்லீரலில் இந்த ஈடுகொடுக்கும் திறன் இருக்கிறது, வீக்கம் வந்த கல்லீரலில் அது போய்விடுகிறது. உங்களுக்கும் அண்ணனுக்கும் இடையில் நான் சந்தேகப்படும் வித்தியாசங்களில் இது ஒன்று.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பயாப்ஸி துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரியும். ஆரோக்கியமான கல்லீரல் செல் பலகோண வடிவில், ஓரங்கள் திட்டமாக, பக்கத்துச் செல்லோடு ஒட்டி வரிசையாக நிற்கும். கொழுப்பு மட்டும் உள்ள செல்லில், சாயமேற்றத் தயார்செய்யும்போது கொழுப்பு கரைந்துபோய், அது இருந்த இடம் வெள்ளை வட்டமாகத் தெரியும். செல் ஒழுங்காகத்தான் இருக்கும். நீண்டநாள் அழுத்தத்தில் இருக்கும் செல் இரண்டு மடங்குக்கும் பெரிதாக ஊதி, உருண்டு, உள்ளே நிறமிழந்து சிலந்தி வலை போல வெளிறிக் கிடக்கும். சிலவற்றின் நடுவில் கயிறு முறுக்கியது போல ஒரு இளஞ்சிவப்புக் கட்டி. மல்லோரி-டென்க் துகள் என்று அதற்குப் பெயர். தவறாக மடிந்த கெரட்டின் புரதங்கள், அப்புறப்படுத்த அடையாளமிடப்பட்டும் அப்புறப்படுத்த முடியாமல் தேங்கிய குவியல் அது. ஈஆரிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் நடக்கும் நெருக்கடியின் தடயத்தை நான் நேரில் பார்ப்பது அந்தக் கட்டியில்தான். ஊதிய செல்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்பதைத்தான் நான் கொழுப்பின் சதவீதத்துக்கு முன்னால் தேடிப் படிப்பேன்.

ஊதிய செல் உடனே சாவதும் இல்லை, ஒழுங்காக வாழ்வதும் இல்லை. பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று சுற்றிலும் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு விழிப்பவை நட்சத்திர வடிவச் செல்கள். சாதாரணமாக அவை வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். விழித்துவிட்டால் அந்த வைட்டமினை இழந்து, கொலாஜன் நாரை நெய்ய ஆரம்பித்துவிடும். அந்த நார்தான் தழும்பு, ஃபைப்ரோஸிஸ். அதை எஃப்0 முதல் எஃப்4 வரை கணக்கிடுகிறோம், எஃப்4 என்றால் சிரோசிஸ். கொழுப்புக் கல்லீரல் உள்ளவரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது இந்த எஃப் எண்தான். கிரேடு எண்ணுக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

சரி, ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? அண்ணன் உங்களைவிட 12 வயது மூத்தவர். 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது என்றால், இன்சுலின் எடுபடாத நிலை அதற்கும் பல வருடம் முன்பே ஆரம்பித்திருக்கும். அத்தனை காலம் அவருடைய கல்லீரல் செல்கள் அழுத்தத்திலேயே இருந்திருக்கின்றன. பரம்பரைக்கும் பங்கு உண்டு. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் கல்லீரலில் கொழுப்பும் தழும்பும் சேரும் வாய்ப்பு கூடும் என்பது தெரிந்த விஷயம். உடன்பிறந்தவர்கள் எல்லாருக்கும் அது ஒரே மாதிரி வருவதில்லை. அப்புறம், அவருக்கு கிரேடு 1 என்று வந்ததே ஒருவேளை நல்ல சேதியாக இல்லாமல் இருக்கலாம். தழும்பு முற்ற முற்றக் கல்லீரலில் கொழுப்பு தானாகக் குறைவது உண்டு. முன்பு கிரேடு 2 அல்லது 3 இருந்து, இப்போது 1-க்கு இறங்கியிருக்கலாம். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய எண்களிலேயே இந்தக் கதை இருக்கிறது. ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. செலவில்லாதது, யார் வேண்டுமானாலும் போடலாம். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். உங்களுக்கு 46-ஐ 48-ஆல் பெருக்கினால் 2,208. 260-ஐ 8.43-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,192. வகுத்தால் 1.0. அண்ணனுக்கு 58-ஐ 55-ஆல் பெருக்கினால் 3,190. 160-ஐ 6.16-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 986. வகுத்தால் 3.2. இந்த எண் 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் போனால் உடனே கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். (65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2.0 என்று வைத்துக்கொள்கிறோம்.)

அண்ணனின் எஸ்ஜிபிடி நார்மல் என்று நிம்மதியாக இருந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் இந்த ஒரு எண்ணை நம்பித்தான் எத்தனையோ பேர் வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள். எஸ்ஜிபிடி, உடைந்த செல்லிலிருந்து கசிவது. தழும்பு முற்றிய கல்லீரலில் அது இறங்கி நார்மலுக்கே வந்துவிடலாம். எஸ்ஜிஓடி அதை முந்துவதும், தழும்பால் மண்ணீரல் பெருத்துப் பிளேட்லெட் குறைவதும் பார்க்க வேண்டிய அறிகுறிகள். உங்கள் அண்ணனின் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி முந்திவிட்டது, பிளேட்லெட்டும் கீழ் எல்லையை ஒட்டியிருக்கிறது.

இப்போது கேப்சூலுக்கு வருகிறேன். அழுத்தம்தான் காரணம் என்றால் அழுத்தத்தை அடக்கும் மருந்து கொடுத்தால் சரியாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் கேட்டு, பெரிய அளவில் முயன்று பார்த்தார்கள். செல்லுக்குள் அழுத்தத் தகவலைக் கடத்தும் ஏஎஸ்கே1 என்ற என்சைமைத் தடுக்கும் செலோன்செர்டிப் மருந்து, முற்றிய தழும்பும் சிரோசிஸும் உள்ளவர்களிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் 2019-ல் தோற்றது. செல் சாவதைத் தடுக்கும் எம்ரிகாசன் என்ற மருந்தும் பலன் தரவில்லை. புரதம் மடிய உதவும் டட்கா என்ற பித்த அமிலம் எலிகளிடம் அருமையாக வேலை செய்தது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது இன்சுலின் செயல்பாடு கொஞ்சம் மேம்பட்டது, கல்லீரல் கொழுப்பு குறையவில்லை. வரத்து அப்படியே இருக்கும்போது எச்சரிக்கை மணியை மட்டும் நிறுத்துவதில் பயனில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆன்டிஆக்ஸிடன்ட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் சான்று இருக்கிறது. வைட்டமின் ஈ. 2010-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாமல், பயாப்ஸியில் வீக்கம் உறுதியானவர்களுக்கு தினம் 800 ஐயு (வைட்டமினை அளக்கும் அலகு) வீதம் 96 வாரம் கொடுத்தார்கள். 43 சதவீதம் பேருக்குக் கல்லீரல் வீக்கம் மேம்பட்டது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம். தழும்பு குறையவில்லை. இன்னொரு பக்கம், தினம் 400 ஐயு எடுத்த ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக வேறொரு பெரிய ஆய்வு 2011-ல் சொன்னது. ஆகவே இதை டாக்டர் ஆளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். சர்க்கரையும் முற்றிய தழும்பும் உள்ள உங்கள் அண்ணன் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் வகையில் வர மாட்டார். பயாப்ஸி எடுக்காத நீங்களும் வர மாட்டீர்கள்.

வாங்கி வைத்திருக்கும் கேப்சூலில் என்னென்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. லேபிளைப் படியுங்கள். கிரீன் டீ சாறு, மஞ்சளின் செறிவூட்டிய சாறு ஆகியவை கேப்சூலாக எடுத்தவர்களில் சிலருக்குக் கடுமையான கல்லீரல் காயத்தை உண்டாக்கியிருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல், அது யாருக்கு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தாங்கும் சக்தி மிச்சமில்லாத கல்லீரலில் அப்படி ஒரு காயம் பட்டால் விளைவு மோசமாகும். அண்ணனுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம். காசு போனால் போகட்டும்.

கல்லீரலுக்கு வரும் கொழுப்பைக் குறைப்பது எப்படி? எடைதான் முதல் வழி. உங்கள் டாக்டர் சுருக்கமாகச் சொன்னதற்குப் பின்னால் பலமான சான்று இருக்கிறது. 293 நோயாளிகளை ஒரு வருடம் தொடர்ந்து, முன்னும் பின்னும் பயாப்ஸி எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு வீக்கம் மறைந்தது. 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. ஊதிய செல்கள் மறைந்து, நட்சத்திரச் செல்கள் அடங்கி, நெய்த நாரைக் கல்லீரலே கரைத்துக்கொள்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. உங்கள் 74 கிலோவில் 7 சதவீதம் என்றால் 5 கிலோ சொச்சம், 10 சதவீதம் என்றால் ஏழரை கிலோ. அதை அவசரமாகச் செய்யாதீர்கள். பட்டினி கிடந்து வாரத்துக்கு இரண்டு கிலோ என்று இறக்கினால் கொழுப்புத் திசு உடைந்து, கொழுப்பு அமிலங்கள் வெள்ளமாகக் கல்லீரலுக்குத்தான் போகும், வீக்கம் கூடிவிடும். வாரத்துக்கு அரை கிலோ, அதிகபட்சம் ஒரு கிலோ போதும்.

எதைக் குறைப்பது என்பதில் நான் சர்க்கரையை முதலில் வைப்பேன். இனிப்புப் பானங்களில் இருக்கும் ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகிறது. குளுக்கோஸுக்கு இருக்கும் கட்டுப்பாடு இதற்கு இல்லை. வந்த வேகத்தில் செல்லின் சக்தி இருப்பைச் செலவழித்துக்கொண்டு கொழுப்பாக மாறும், அதுவும் நான் மேலே சொன்ன பால்மிட்டிக் வகையாக. கொழுப்புக் கல்லீரல் இருந்த வளரிளம் பையன்களுக்கு 8 வாரம் சேர்க்கப்பட்ட சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திப் பார்த்தபோது கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. இது 2019-ல் வந்த ஆய்வு. எண்ணெய், நெய் விஷயத்தில் அளவோடு வகையும் முக்கியம். தினம் 1,000 கலோரி கூடுதலாக 3 வாரம் சாப்பிட வைத்த ஆய்வில், நிறைவுற்ற கொழுப்பாகச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது, சர்க்கரையாகச் சாப்பிட்டவர்களுக்கு 33, நிறைவுறாத கொழுப்பாகச் சாப்பிட்டவர்களுக்கு 15.

வாரத்தில் 150 நிமிடம் வேக நடை. எடைக் கருவியின் முள் அசையாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். எடை குறையாமலே கல்லீரல் கொழுப்பு குறைவது உடற்பயிற்சியில் நடக்கும் அதிசயம். தசை தன் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் இன்சுலின் தேவை குறைகிறது, கல்லீரலுக்கு வேலை குறைகிறது. காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் தொடருங்கள், சர்க்கரை போடாமல். காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அண்ணனுக்கு இதெல்லாம் பொருந்தும், ஆனால் இது மட்டும் போதாது. அவர் எஃப்3-யிலா, எஃப்4-லா என்பது தெளிவாக வேண்டும். ஃபைப்ரோஸ்கேனில் எத்தனை கிலோபாஸ்கல் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் அலகு) வந்தது என்று ரிப்போர்ட்டில் இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டு நிபுணரிடம் பேசுங்கள். எஃப்3 வரை என்றால் மருந்து உண்டு. அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் 2024-லும் செமாக்ளூடைடு 2025-லும் எஃப்2, எஃப்3 நிலைகளுக்கு அனுமதி பெற்றன. செமாக்ளூடைடு சர்க்கரைக்கும் மருந்து என்பதால் அவருக்குப் பொருந்துமா என்று கேட்பது நல்லது. சிரோசிஸ் என்று உறுதியானால் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துக் கல்லீரல் புற்றுநோய் இல்லை என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். இதைத் தவறவே விடக்கூடாது. உணவுக்குழாயில் ரத்தக்குழாய்ப் புடைப்பு இருக்கிறதா என்று எண்டோஸ்கோபி தேவைப்படலாம். 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்து, பிளேட்லெட்டும் 1.5 லட்சத்துக்கு மேல் இருந்தால் அதைத் தள்ளிப்போட முடியும், அவருக்கு 1.6 லட்சம் என்பதால் இதையும் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறார் என்றால், கல்லீரலுக்கு ஆகாது என்று யாராவது சொன்னதைக் கேட்டுத் தானாக நிறுத்திவிட வேண்டாம். இந்த நோயில் அது பாதுகாப்பானது, இதயத்துக்கு அவசியமானது. மது ஒரு சொட்டும் கூடாது, விசேஷ நாள் உட்பட.

உங்களைப் பற்றிக் கடைசியாக. உங்கள் டாக்டர் சொன்னதை நானும் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு. கூடப் பிறந்தவருக்கு முற்றிய தழும்பு இருந்தால் நமக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஃபிப்-4 1.0 என்றாலும், ஒருமுறை ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிடுங்கள். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும். அதோடு மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி-யையும் பாருங்கள். அது எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டு வருடம் காத்திருக்காமல் அடுத்த வருடமே ஃபிப்-4 கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிடுங்கள்.